எழுத்துக் கூட்டும் பிள்ளைகளும் எழுத்தின் சரித்திரமும்

பிள்ளைகளின் புத்தியை அளப்பதற்கு நம்மவர் கையில் எடுக்கும் முதற்கோல் எழுத்துக் கூட்டுதலாகும். உபாத்தியாயர் ஆங்கிலத்திற் பத்துச் சொற்களை வாய்விட்டுச் சொல்ல, அவற்றுள் எட்டைப் பிழையற எழுதிய பிள்ளையைக் கெட்டிக்காரனென்றும், மூன்றே எழுதிய பிள்ளையை மந்தபுத்தியுடையவனென்றும் பெயரிட்டுவிடுகிறோம். அப்பெயர் பட்டணத்துப் பிள்ளைக்குச் சில காலத்தில் உதிர்ந்து போகலாம். தோட்டத்துப் பிள்ளைக்கோ அது சட்டையில் ஏறிய ரப்பர்ப் பாலின் கறையைப்போல எளிதிற் போவதில்லை. பிள்ளையும் அதனை நம்பிவிடுகிறது, பெற்றோரும் நம்பிவிடுகின்றனர். "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ பிள்ளைகளின் பள்ளி வாழ்வு முடிந்திருக்கிறது.

அப்பிழை பிள்ளையினுடையதா, எழுத்தினுடையதா என்று விசாரித்தவர் நம்மிற் சிலரே. விசாரிக்கப் புகின், இந்நாட்டுக் கரைகளை ஒருவர்பின் ஒருவராக ஆண்ட இரு ஐரோப்பிய ஜாதியாரின் பாஷைகளை அருகருகே வைத்துப் பார்த்தல் நலம். அவை போர்த்துகீசியமும் ஆங்கிலமுமாம்.

கிள்ளானில் இருக்கும் தமிழனுக்குப் போர்த்துகீசியத்தோடு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நம் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்னும் நான்கும் பறங்கியர் தந்த சொற்களே. கட்டட வேலைக்கு ஆளமர்த்தும் மேஸ்திரியும் அவர்கள் பாஷையிலிருந்து வந்தவரே. மலாய்க்காரர் பள்ளிக்கூடத்தை 'செக்கோலா' என்பதும், வெண்ணெயை 'மெந்தேகா' என்பதும், மாதா கோயிலை 'கெரெஜா' என்பதும், 1511ஆம் ஆண்டில் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்து, 1641ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடம் அவன் ஜாதியார் அதனை இழக்கும் வரையில் நிகழ்ந்த வியாபாரத்தின் மிச்சங்களாம். இவை ஒருபுறமிருக்க, இதனினும் நெருங்கிய உறவொன்றுண்டு. முதன்முதல் அச்சேறிய தமிழ், போர்த்துகீசியர் எழுத்துக் கூட்டும் முறையிலேயே அச்சேறிற்று.

1554ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், லிஸ்பன் நகரில், தமிழிலும் போர்த்துகீசியத்திலும் அமைந்த ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. கிறிஸ்துவ ஜெபங்களையும் கோட்பாடுகளையும் கற்பிக்க எழுந்த அதனைத் தமிழில் ஆக்கியவர்கள் விசெந்தெ தெ நசரே, ஜோர்ஜெ கர்வாலியோ, தொமே தா குரூஸ் என்னும் பெயர் பூண்ட மூன்று தமிழர்கள். ஆனால் அதில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. தமிழ் முழுவதும் உரோமன் எழுத்துக்களிலே கூட்டப்பட்டிருந்தது. லிஸ்பன் அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்துருக்கள் ஏது? அம்மூவரும் தங்கள் காதிற் கேட்ட ஒலியை அயலாரின் எழுத்துக்குள் அடைக்கவேண்டியதாயிற்று. அடைபட மறுத்தவற்றுள் முதன்மையானது நம் ழகரமே. தமிழ் என்னும் பெயரே அப்புத்தகத்தின் தலைப்பில் 'தமுல்' என்றாயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578இல், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சான பின்னரே நம் பாஷைக்கு அச்சில் தன் சொந்த உடை கிடைத்தது.

லிஸ்பன் புத்தகத்தின் பெயர் 'கார்த்தீலியா' என்பது. இச்சொல்லை வாசகர் கவனிக்கவேண்டும். அது பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் அரிச்சுவடிக்கும் பெயர். ஜெபம் கற்பிக்கும் நூலுக்கும் பெயர். அக்காலத்து ஐரோப்பாவில் இரண்டும் ஒன்றே. இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் கைப்பிடியுள்ள ஒரு பலகையில் ஒட்டிய தாளில், அகரவரிசையையும் அதன்கீழ்க் கர்த்தர் ஜெபத்தையும் வைத்துப் படித்தார்கள். நம் திண்ணைப்பள்ளியில் 'அரி' என்று தொடங்கியே அரிச்சுவடி பெயர் பெற்றதென்பர். எழுத்து எங்கும் மதத்தின் கைப்பிடித்தே பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. போர்த்துகீசியத்தில் 1539ஆம் ஆண்டிலேயே ஜோவான் தெ பாரோஸ் என்பவர், ஒவ்வோரெழுத்துக்கும் ஒரு படம் போட்டு ஓர் அரிச்சுவடி வெளியிட்டார். இவர் யாரெனில், மலாக்கா பிடிபட்ட கதையைத் தம் ஆசிய சரித்திரத்தில் விரித்துரைத்த அதே ஆசிரியரே.

நிற்க. போர்த்துகீசியப் பிள்ளை எழுத்துக் கூட்டப் பழகிய பழைய முறை நம்முடையதற்குத் தூரமானதன்று. 'பே'யும் 'ஆ'வும் சேர்ந்தால் 'பா' என்று உரக்கப் பாடிப்பாடி உருப்போடுவது அது. இன்றும் பிரேசிலில் எந்த வித்தையின் ஆரம்பப் பாடத்துக்கும் 'பேஆபா' என்றே பெயர். பொருளறியாத இந்த ஓலத்தைக் கண்டு மனம் நொந்த ஜோவான் தெ தேவுஸ் என்னும் கவிஞர், 1876ஆம் ஆண்டில் 'தாய்மை அரிச்சுவடி' என்னும் பொருள்படும் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். அசைகளைத் தனியே பிய்த்து ஓதாமல், பொருளுள்ள முழுச்சொற்களைக் கொடுத்து, அச்சொல்லுக்குள்ளேயே ஓரசையைக் கருமையாகவும் அடுத்த அசையை வெளிறியும் அச்சிட்டு, பிள்ளையின் கண்ணே அசை பிரித்துக்கொள்ளும்படி செய்தார். நெட்டுருவும் பிரம்பும் இல்லாமற் படிப்பு வராதென்று சொல்லுவார் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் இக்கவிஞரின் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இனி, பள்ளிக்கு வருமுன்னர்ப் பிள்ளைகள் தாமாக எவ்வாறு எழுதத் தலைப்படுகின்றனர் என்பதைப் பார்ப்போம். இதுதான் நம் விஷயத்தின் உயிர்நிலை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியா பெரைரோ அம்மையார் முதலியோர் 1979இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எழுத்தறியாப் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் அசைக்கு ஓரெழுத்தாக எழுதுவதை எடுத்துக்காட்டிற்று. போர்த்துகீசியத்திற் பூனைக்கு 'காத்து' என்று பெயர்; நான்கு எழுத்துக்கள். அந்நிலையிலுள்ள பிள்ளை 'ஏ', 'ஓ' என்னும் இரண்டு உயிரெழுத்துக்களை மட்டும் எழுதிவிட்டுப் பூனையை எழுதியாயிற்று என்று எழுந்துவிடும். 2005ஆம் ஆண்டில் போல்லோ, கெஸ்லர், டிரெய்மன் என்னும் மூவர், பிரேசில் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், போர்த்துகீசியம் பேசும் பிள்ளைகளே உயிரெழுத்துக்களை மிகுதியாக எழுதக் கண்டனர். அவர்கள் பாஷையில் உயிரெழுத்தின் பெயரே சொல்லுக்குள் ஒலியாக அடிக்கடி கேட்கிறது. ஆங்கிலத்தில் அவ்வாறு கேட்பது குறைவு. ஆகவே ஒரு ஜாதிப் பிள்ளை உயிரைப் பிடித்துக்கொள்கிறது, மற்றொரு ஜாதிப் பிள்ளை மெய்யைப் பிடித்துக்கொள்கிறது என்பதற்குக் காரணம் மூளையின் வேற்றுமையன்று. காதில் விழும் பாஷையின் வேற்றுமையே.

இவ்விடத்தில் நம் தமிழை நிறுத்திப் பாருங்கள். பூனை என்னும் சொல்லில் அசை இரண்டு. நம் பிள்ளை எழுதும் எழுத்தும் 'பூ', 'னை' என இரண்டே. லிஸ்பனிற் பிழையென்று அடித்தெறியப்படும் அதே நியாயம், நம் அரிச்சுவடியில் முறையாகவே வாழ்கிறது! நம் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ககரத்தைக் 'க' என்றுதான் சொல்லுகிறோம். 'டபிள்யூ' என்று ஓரெழுத்துக்கு மூன்று அசையிற் பெயர் வைத்து, அதன் ஒலியை வேறெங்கோ ஒளித்து வைப்பதில்லை. இவ்வொழுங்கில் ஓராண்டு பழகிய ஏழு வயதுப் பிள்ளை, அதே பள்ளியில் அடுத்த மணிநேரத்தில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கிறது. அங்கே அதற்கு நேரிடும் திகைப்பைப் பெரியவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

போர்த்துகீசியமும் முற்றும் ஒழுங்கானதென்று சொல்ல நாம் வரவில்லை. 'எக்ஸ்' என்னும் ஓரெழுத்து, மருந்துப் பாகைக் குறிக்கும் சொல்லில் ஷகரமாகவும், பரீட்சையைக் குறிக்கும் சொல்லில் 'இஸட்' ஒலியாகவும், 'அடுத்தது' என்னும் பொருளுள்ள சொல்லில் ஸகரமாகவும், வாடகைக் காரில் 'க்ஸ்' என்றும் நான்கு வேடம் போடும். சொல்லின் முதலில் நிற்கும் 'எச்' வாய் திறப்பதேயில்லை. சொல்லின் ஈற்று 'ஓ'வை உகரமாகச் சொல்லுவதால் பிள்ளைகள் 'யூ' எழுதித் திட்டு வாங்குகின்றனர். எனினும், முன்னிருந்த குழப்பம் இதனினும் பெரிது. மருந்துக்கடைக்கும் நாடகசாலைக்கும் உரிய சொற்களிற் கிரேக்கத்தின் நினைவாகப் 'பி எச்', 'டி எச்' என்று ஒலியற்ற அலங்காரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. 1910இல் அரசன் போய்க் குடியரசு வந்ததும், மறு ஆண்டிலேயே, கொன்சால்வெஸ் வியானா என்னும் பாஷை நூலறிஞர் அங்கம் வகித்த குழுவின் திட்டப்படி, அலங்காரங்களை அரசாங்கம் ஒரே உத்தரவிற் களைந்தெறிந்தது. 'பி எச்' போய் 'எப்' வந்தது. 'ஒய்' போய் 'ஐ' வந்தது. கண்ணீருக்குரிய சொல்லில் 'ஒய்' இல்லாவிட்டால் கண்ணீரே வற்றிவிடும் என்பதுபோலக் கவிஞர் சிலர் அழுதார்கள். பிரேசிலைக் கலவாமற் செய்ததால் இரு நாட்டுக்கும் இருவகை எழுத்துக் கூட்டல் ஏற்பட்டு, அப்பிளவை ஒட்ட 1990ஆம் ஆண்டு ஓர் உடன்படிக்கை செய்யவேண்டி வந்தது. அதனையும் அங்கோலா நாடு இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆங்கிலத்தின் கதையோ தலைகீழ். 1476இல் காக்ஸ்டன் என்பார் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நாட்டியபோது, மக்கள் வாயில் உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. எழுத்து அச்சில் உறைந்தது, பேச்சு ஓடிப்போயிற்று. வீரனைக் குறிக்கும் சொல்லின் முதலில் நிற்கும் 'கே' ஒருகாலத்தில் ஒலித்த எழுத்தே. இன்று அது கல்லறை. இதையாவது பொறுக்கலாம். படித்தவர்கள் வேண்டுமென்றே புகுத்திய எழுத்துக்களை என்னென்பது? கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் 'பி' இருந்ததில்லை. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டிப் பண்டிதர்கள் சொருகினர். தீவைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'எஸ்', அச்சொல்லோடு உறவேயில்லாத வேறொரு சொல்லைப் பார்த்துத் தவறாக ஒட்டியது. பள்ளிக்கூடத்துக்குரிய சொல்லில் 'சி'க்குப் பின் நிற்கும் 'எச்'சும் இவ்வாறு பிற்காலத்தில் ஏறியதே. மகாபண்டிதர்கள் செய்த பிழையைப் பிழையின்றி எழுதாத குற்றத்துக்காக, நானூறு ஆண்டுகளாகப் பிள்ளைகள் உதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

திருத்த முயன்றோர் இல்லாமலில்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783ஆம் ஆண்டில் எழுத்துக் கூட்டும் புத்தகம் வெளியிட்டவர். பின்னர் 1828இல் தம் அகராதியில் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'யூ'வை நீக்கினார். 1906இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 300 சொற்களைச் சுருக்கி எழுத உத்தரவிட, அந்நாட்டுக் காங்கிரஸ் அதனை மறித்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் 1949இல் மாண்ட் பாலிக் என்னும் அங்கத்தினர் கொண்டுவந்த மசோதா, ஆதரவு 84, எதிர்ப்பு 87 என்ற கணக்கில், மூன்றே வாக்கில் வீழ்ந்தது. அம்மூன்று வாக்குகள் வேறுபக்கம் விழுந்திருந்தால், மலாயாவின் பள்ளிகளிலும் கரும்பலகை வேறுவிதமாக இருந்திருக்குமோ என்னவோ.

இதன் விலை எவ்வளவு என்பதற்கும் கணக்குண்டு. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து ஸீமோர் முதலியோர் 13 ஐரோப்பிய பாஷைகளில் முதலாண்டுப் பிள்ளைகளை எளிய சொற்களை வாசிக்கச் செய்து, 2003ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். பின்லாந்து, கிரீஸ், ஜெர்மனிப் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்களளவில் வாசித்தனர். போர்த்துகீசியப் பிள்ளைகள் ஏறக்குறைய 74. ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் 34. இது தாய்ப்பாஷையிலேயே, வாசிப்பில் மாத்திரம் கண்ட கணக்கு. வாசிப்பினும் எழுதுவது கடினம் என்பதை யாவரும் அறிவர். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் மந்தபுத்தியுள்ளவர்கள் என்று எவரும் கூறத் துணியார். அப்படியிருக்க, வீட்டில் ஆங்கிலமே கேளாத காப்பார்த் தோட்டத்துப் பிள்ளை பத்தில் மூன்று எழுதினால் மட்டும் ஏன் கூறுகிறோம்?

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம், அதனையும் மறைக்கலாகாது. எழுத்தைத் திருத்திய போர்த்துகலில் 1950ஆம் ஆண்டிலும் பத்தில் நால்வருக்கு எழுத்தறிவில்லை. எழுத்தைத் திருத்தாத இங்கிலாந்திலோ அதற்கு அரைநூற்றாண்டு முன்னரே ஏறக்குறைய எல்லோரும் வாசித்தனர். பள்ளியும் உபாத்தியாயரும் பிள்ளையைப் பள்ளிக்கு விடும் கூலியும் இல்லாத இடத்தில், நல்ல எழுத்து மட்டும் இருந்து என்ன செய்யும்? ஆனால் எழுத்து எவ்வளவு கடினமோ, அவ்வளவுக்குப் பள்ளி நன்றாக இருக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும்.

நம் தோட்டங்களில் நடந்தது யாது? 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொகைக்குமேற் பிள்ளைகளுள்ள தோட்டங்கள் பள்ளிக்கூடம் வைக்கவேண்டியதாயிற்று. வைத்தார்கள், பெரும்பாலும் ஒரு கொட்டகை. உபாத்தியாயர் வேலையைப் பல இடங்களிற் கங்காணியும், நம்மைப்போன்ற கிராணியும் ஒழிந்த நேரத்திற் பார்த்தார்கள். தமிழ் எழுத்தின் எளிமையே அக்கொட்டகைகளைக் காப்பாற்றிற்று என்பது நம் அபிப்பிராயம். அரைகுறையாகக் கற்பித்தாலும் ஒரு பிள்ளை ஊருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. ஆங்கிலமோ பட்டணத்துப் பள்ளிகளில், கட்டணம் செலுத்தக்கூடியவர்க்கு இருந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் ஆபீசுக்குள், தெரியாதவன் மரத்தடியில். இடையில் நின்றது மதில்போன்ற அந்த எழுத்துக்கோவையே.

கிராணியாகிய நாம் அறிந்த வேறொரு விஷயமும் இதனோடு சேர்ந்தது. செக்ரோலில் ஆளின் பெயர் ஏறவேண்டும். அது உரோமன் எழுத்தில் ஏறவேண்டும். தமிழ்ப் பெயரை அவ்வெழுத்திற் கூட்டுவதற்கு எல்லோரும் ஒப்பிய விதி 1554இலும் இல்லை, இன்றும் இல்லை. எழுதுகிறவர் காதுக்குப் பட்டதே எழுத்து. சின்னசாமி என்னும் ஒரே தகப்பனின் பெயர், மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'எஸ்' என்னும் எழுத்திலும், இளைய பிள்ளையின் பத்திரத்தில் 'சி எச்' என்னும் எழுத்துக்களிலும் தொடங்குவதைக் கண்டிருக்கிறோம். லட்சுமியின் நடுவில் 'டி சி எச்' நுழைந்து, இந்நாட்டுக்கே உரிய ஒரு லட்சுமியை உண்டாக்கியிருக்கிறது. 1948ஆம் ஆண்டில் அடையாளக்கார்டு வந்தபின் இது விளையாட்டாக இல்லை. ஓரெழுத்து வேறுபாட்டால், தந்தை தந்தையென்று நிரூபிக்கப் பிள்ளை படியேறி இறங்கவேண்டியதாயிற்று. பள்ளியில் நம் பிள்ளை ஆங்கில எழுத்தில் முதன்முதற் கூட்டக் கற்கும் சொல் தன் பெயரே. அப்பெயரோ தன் தாய் அழைக்கும் ஒலியைத் தாங்காத, யாரோ ஒருவர் காதின் பிழையைத் தாங்கிய பெயர்.

இந்நாட்டு மலாய் எழுத்தின் கதை நமக்கு மிகவும் பயன்படுவது. உரோமன் எழுத்தில் மலாய்க்கு 1904இல் வில்கின்சன் என்னும் அதிகாரியின் முயற்சியால் ஒரு முறை வகுக்கப்பட்டது. பின்னர் ஸாபா என்னும் அறிஞர் அதனைச் சீர்செய்தார். ஆயினும் சகர ஒலிக்கு இங்கே ஆங்கில வாடையில் 'சி எச்' என்றும், இந்தோனேசியாவில் ஒல்லாந்து வாடையில் 'டி ஜே' என்றும் எழுதிவந்தனர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் தேதி இரு நாடுகளும் சேர்ந்து, இரண்டையும் விட்டு, 'சி' ஒன்றே போதுமென்றன. ஒரே நாளில் இரண்டு எஜமானர்களின் எழுத்துப் பழக்கமும் கழன்றது. ஆகவே இன்று கிள்ளான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை 'சி'யைக் கண்டால், மலாய்ப் பாடத்தில் எப்பொழுதும் சகரம். ஆங்கிலப் பாடத்திற் பூனைக்குக் ககரம், நகரத்துக்கு ஸகரம், பள்ளிக்கூடத்தில் 'எச்'சோடு கூடி மீண்டும் ககரம். அப்பிள்ளை பள்ளிக்கூடம் என்பதை ஆங்கிலத்தில் 'எஸ் கே யூ எல்' என்று எழுதினால், அது மலாய் விதியைச் செவ்வனே கையாண்டிருக்கிறது என்பதே உண்மை. சிவப்பு மை அதனை அறியாது. 2003ஆம் ஆண்டில் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திற் கற்பிக்கச் செய்தபோது, இந்தச் சிவப்பு மை கூட்டல் கழித்தலுக்குள்ளும் வழிந்தது. கணக்குத் தெரிந்த பிள்ளை கேள்வியின் சொல் தெரியாமல் விழித்தது. 2012 முதல் அத்திட்டம் படிப்படியாக விலக்கப்பட்டது.

தமிழும் தன் எழுத்தைத் தொட்டுப்பார்த்ததுண்டு. 1935இல் ஈ. வெ. ராமசாமிப் பெரியார் 'குடி அரசி'ல் நடைமுறைப்படுத்திய மாற்றங்களில் 13 எழுத்துக்களுக்கு உரியவற்றை, 1978 அக்டோபரிற் சென்னை அரசாங்கம் ஏற்க, 1980களில் இந்நாட்டுப் பாடப்புத்தகங்களுக்கும் அவை வந்தன. துதிக்கைபோல வளைந்த ணாவும் னாவும் போயின. ஆனால் 'கொ' எழுதும் பிள்ளை, முதலில் ஒலிக்கும் ககரத்துக்கு முன்னே கொம்பை எழுதவேண்டிய விசித்திரம் அப்படியே இருக்கிறது.

கடைசியாக, மலாக்கா. அங்கே உஜோங் பாசிரில் வாழும் போர்த்துகீசியர் வழித்தோன்றல்கள் கிறிஸ்தாங் என்னும் பாஷையை ஐந்நூறு ஆண்டுகளாக வாய்மொழியாகவே காத்துவந்தனர். எழுத வந்தபோது, எவர் எழுத்தில் எழுதுவது என்னும் வழக்கு எழுந்தது. லிஸ்பன் முறையை விரும்புவோரும் இருந்தனர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த பழக்கத்தில் எழுதுவோரும் இருந்தனர். ஆலன் பேக்ஸ்டரும் பாட்ரிக் டி சில்வாவும் 2004இல் வெளியிட்ட அகராதியோ மலாய் எழுத்தை ஒட்டிய முறையில் நடக்கிறது. வீட்டைக் குறிக்கும் சொல்லை லிஸ்பன் பிள்ளை 'சி'யில் தொடங்கி, நடுவில் 'எஸ்' என்று எழுதி, அதனை 'இஸட்' என்று ஒலிக்க மனப்பாடம் செய்யவேண்டும். மலாக்காப் பிள்ளைக்கு அந்த வீடு 'கே'யில் தொடங்குகிறது. நடுவில் 'இஸட்' தன் சொந்தப் பெயரோடு நிற்கிறது. அதன் பாட்டி எப்படிச் சொல்லுகிறாளோ, அப்படியே பிள்ளை எழுதுகிறது.